முகத்தை வெளுக்காதே, தம்பி

சிவகாசியில் காலண்டர் அச்சுக்குக் கலர் கரெக்‌ஷன் பார்த்தவனுக்கு ஒரு பாடத்தை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை: முகம் வெளுப்பாக வரவேண்டும். முருகனானாலும் சரி, ஜவுளிக்கடை விளம்பரத்து மாடலானாலும் சரி, முகத்தில் கறுப்பு மையைக் குறைத்து மெஜந்தாவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் பார்ட்டி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். கண்ணனுக்கு மட்டும் நீலம் என்ற விதிவிலக்கு உண்டு. அந்தக் கைப்பழக்கத்தோடுதான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்தேன். இங்கே கலைக்கூடங்களில் மாட்டும் புகைப்படங்களைப் பருத்திக் காகிதத்தில் பெரிதாக அச்சிடுவது என் வேலை. கடை வாடகையைக் கட்டுவது என்னவோ இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களின் கல்யாண ஆல்பங்கள்தான்.

கலைஞர்களில் ஒருவரை மட்டும் நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய தமிழ் சமையலறையிலும் கோயிலிலும் கேட்டுக் கற்றது, மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆனால் வேலையில் கறாராகச் சொல்ல வேண்டியது வந்தால் “தம்பி” என்று தமிழில்தான் தொடங்குவார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அப்போது தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் அவருடைய முன்னோரும் உண்டு. அவர் தன்னையே படமெடுப்பவர். கரும்புக் காட்டோரம், ஆற்றங்கரை, வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை என்று எங்கு பார்த்தாலும் அவரும் ஏதாவது ஒரு செடியும்தான்.

அந்த வரிசையில் சிரிங்கா மரத்தடிப் படம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சிரிங்கா என்பது நம் ஊர் மலைவேம்பு, வேம்பின் குடும்பம். அக்காவின் பாட்டி, வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் இதன் கொத்தைத்தான் நிலைப்படியில் செருகுவாராம். வேப்பமரம் கைக்கு எட்டாத இடத்தில் மாரியம்மனுக்கு இதுவே போதும் என்று முடிவுசெய்துவிட்டார்கள். அவளும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. அரசுக்கோ இது ஆக்கிரமிப்பு மரம். 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த பட்டியலில் இருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று கொட்டையை ஆற்றோரமெல்லாம் பரப்பிவிடுகின்றன. உள்ளூர் மரங்களுக்கு இடமில்லாமல் போகிறது. அக்கா இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர் அல்லர். வெட்டத்தான் வேண்டும் என்பார். வெட்டுவதற்கு முன் அதனோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்.

படத்தில் அவர் மரத்தில் சாய்ந்து நிற்கிறார். மழை விட்ட மாலை வெளிச்சம். கன்னத்தில் இலைகளின் நிழல், இடது புருவத்துக்கு மேல் பழைய தழும்பு, தோளருகே மஞ்சள் காய்க்கொத்து. மரப்பட்டையின் வெடிப்பும் கழுத்து மடிப்பும் ஏறக்குறைய ஒரே பழுப்பு. திரையில் பார்க்கும்போது அருமையாக இருந்தது. காகிதத்தில்தான் சிக்கல். பளபளப்பான பரைட்டா காகிதத்தில் கறுப்பின் அடர்த்தி 2ஐத் தாண்டிப் போகும். அக்கா கேட்ட, பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் 1.7ஐத் தொடுவதே பெரும்பாடு. இருண்ட பகுதிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாடையும் கழுத்தும் ஒரே திட்டாகிவிடும்.

இதற்குத் தொழிலில் சுருக்குவழி உண்டு. கணினியில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடான கர்வைச் சற்று மேலே இழுத்தால் முகம் தெளியும். ஆனால் இலையின் ஆழ்ந்த பச்சையும் கூடவே சாம்பல் பூத்துவிடும். மற்ற இடமெல்லாம் மாறாதபடி கணினியில் மாஸ்க் போட்டு மறைத்து, முகத்தை மட்டும் வெளுப்பாக்கலாம். அப்போது ஒரே வெளிச்சத்தில் நின்ற பெண்ணும் மரமும் இரண்டு வெளிச்சத்தில் நிற்பார்கள். பழைய ஸ்டுடியோவில் ஓவியத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தைப் போல ஆகிவிடும். அந்தச் சோதனைத் துண்டைப் பார்த்துத்தான் அக்கா சொன்னார்: “முகத்தை வெளுக்காதே, தம்பி. அப்புறம் அந்த மரம் என்னுடையது இல்லை.”

இதை வெறும் கொள்கைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை. புகைப்படத் தொழிலே இந்த இடத்தில் கோணலாக வளர்ந்ததுதான். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் சரியாக விழவில்லை என்று அந்த நிறுவனம் அக்கறையோடு கேட்டுக்கொண்டது, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் செய்பவர்களும் புகார் சொன்ன பிறகுதான் என்கிறார்கள். மேசை நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை அது. இந்த நாட்டிலோ நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள ஆவணமான பாஸ் புத்தகத்தின் படங்களுக்குப் போலராய்டு கேமரா பயன்பட்டது. அதை எதிர்த்துப் போலராய்டு நிறுவனத்தின் ஊழியர்களான கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் 1970இல் அமெரிக்காவில் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

டர்பனை ஒட்டிய உம்லாசியில் பிறந்த புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலி, 2012இல் தொடங்கிய தன் ‘சோம்னியாமா ங்கோன்யாமா’ தன்படங்களில் கறுப்பு வெள்ளை மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றித் தோலை மேலும் கறுப்பாக்குகிறார். பாத்திரம் தேய்க்கும் நாரும் துணி மாட்டும் கிளிப்பும் அவர் தலையில் கிரீடமாகின்றன. அச்சுக்காரனின் கண்ணுக்கு அது அசாத்தியமான வேலை: அவ்வளவு கறுப்பிலும் தோலின் மினுமினுப்பு தொலைவதில்லை. நீங்களும் அப்படிச் செய்யலாமே என்று அக்காவிடம் கேட்டேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார். எனக்குத் தெரிந்து அதுதான் இருப்பதிலேயே கடினமான ஆர்டர்.

கர்வைத் தொடாமல் அந்தக் காகிதத்துக்கென்றே புதிதாக ஒரு புரொஃபைல், அதாவது எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் கணக்கு, எடுத்தோம். இருண்ட படிகளை மட்டும் நெருக்கமாக அச்சிட்டு, அளந்து, மறுபடி அச்சிட்டு. பிப்ரவரிப் புழுக்கத்தில் பருத்திக் காகிதம் ஈரத்தைக் குடித்து ஓரம் சுருண்டது. ஈரமுறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டால் மின்வெட்டு வந்தது. மை உலர்ந்து நிறம் நிலைப்பதற்காக ஒவ்வொரு துண்டையும் இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில்தான் விளக்கடியில் வைத்துப் பார்ப்போம். கடைசியில் தாடை கழுத்திலிருந்து பிரிந்து வந்தது. பட்டையின் வெடிப்பும் வந்தது.

தழும்பையாவது லேசாக்கட்டுமா என்று கேட்டதற்கு அக்கா ஒரு நகலை எடுத்துக் காட்டினார். டர்பன் அடங்கிய பழைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் கப்பல் பட்டியலில் அவர் முப்பாட்டனாரின் வரி. எண், வயது, தந்தை பெயர், சாதி, ஊர், உயரம். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளமாக ஒரு தழும்பு. ஆளை அடையாளம் காட்டப் புகைப்படம் இல்லாத இடத்தில் தழும்புதான் அத்தாட்சி. “என் குடும்பத்தில் முதலில் பதிவானதே இதுதான்” என்று சிரித்தார். நான் டச்சப் பிரஷ்ஷை மூடிவிட்டேன்.

கல்யாண ஆல்பங்களுக்கு இப்போது இரண்டு சோதனைத் துண்டுகள் கொடுக்கிறேன்: ஒன்று வழக்கம்போல வெளுத்தது, மற்றது கேமராவில் விழுந்தபடி. முதலாளிக்குக் காகிதச் செலவு பற்றி முணுமுணுப்பு உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் பெரும்பாலும் வெளுத்ததைத்தான் எடுக்கிறார்கள். கல்யாணப் பெண்கள் சிலர் இரண்டையும் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மா காதில் விழாமல் மற்றதைக் கேட்கிறார்கள். ஆல்பத்துக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக பில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.