முகத்துவாரத்தைத் திறந்து வைப்பவர்கள்

துறைமுகத்தில் ஏலக்கூடம் கட்டினாலும் படகணையும் தளம் கட்டினாலும், அதைத் திறந்து வைத்தவரின் பெயர் கருங்கல்லில் செதுக்கப்பட்டுச் சுவரில் ஏறிவிடுகிறது. முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைத்திருப்பவர்களின் பெயரை யாரும் எங்கும் செதுக்கி நான் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் 22 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, இப்போது மாலை வேளைகளில் அதே கரையில் நடைப்பயிற்சி செல்பவன் என்ற முறையில், அவர்களைப் பற்றி எழுதலாம் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எங்கள் துறைமுகம் கடுவையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. வடகரையில் பழைய துறைமுகமும் கலங்கரை விளக்கமும் நகரமும். தென்கரையில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், அவற்றின் விசைப்படகுகள். காவிரியின் கிளைகளிலிருந்து பிரிந்து, வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, வடிகால்களின் மிச்ச நீரையும் வாங்கிக்கொண்டு வருகிற கடைமடை ஆறு அது. கடல் ஒரு பக்கமிருந்து மணலைத் தள்ளுகிறது, ஊர் மறுபக்கமிருந்து குப்பையைத் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் படகு போக வழி வேண்டும். துறைமுகத்தைச் சீர்செய்வது என்று எங்கள் ஊரில் யார் எதைச் சொன்னாலும் அது கடைசியில் இந்த வழியைப் பற்றிய பேச்சாகவே முடியும்.

முகத்துவாரத்தின் ஆழத்தை அளக்கக் கருவி தேவையில்லை, ஐஸ் கம்பெனியின் பேரேடே போதும் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பல நாள் கடலில் தங்கும் விசைப்படகு ஒன்று எங்களிடம் 50 கிலோ ஐஸ் பார் (பனிக்கட்டிப் பாளம்) 200 வரை ஏற்றும். அதாவது 10 டன் எடை. அதோடு டீசலும் குடிநீரும் வலையும் சேரும்போது படகு ஏறக்குறைய ஒரு சாண் தாழ்ந்துவிடும். முகத்துவாரத்தில் மணல் ஏறிய மாதங்களில் ஓட்டுநர்கள் 120 பாரோடு நிறுத்திக்கொள்வார்கள். "அடி தட்டுது கணக்குப்பிள்ளை, கொறச்சுப் போடச் சொல்லுங்க" என்பார்கள். மூன்று விரற்கடை உயரத்துக்காக 80 பார் ஐஸை விட்டுவிட்டுப் போகும் படகு, கடலில் தங்கும் நாளையும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த இழப்பு படகு உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. பங்கு வாங்கும் தொழிலாளிக்கும், கூடையோடு காத்திருக்கும் பெண்ணுக்கும், ஓரளவு எனக்கும் உண்டு. நீர் ஏறும் நேரம் பார்த்துப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதை நம்பிப் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

மணல் எங்கிருந்து வருகிறது என்பது கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த பாடம். சோழகக் காற்று, அதாவது தென்காற்று, வீசும் மாதங்களில், ஏறக்குறைய மார்ச் தொடங்கி அக்டோபர் வரை, அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. வாடை தொடங்கியதும் அதே மணல் தெற்கே திரும்புகிறது. வடக்கே போவது மிகுதி, திரும்பி வருவது குறைவு. நடுவில் கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவரோ தூண்டில் வளைவோ அமைத்தால், மணல் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் கரை அரிக்கும். சுவரின் நுனியைச் சுற்றி வந்து வாயிலேயே படிவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் அந்த வேகமே முகத்துவாரத்தை அறுத்துத் துடைத்துவிடும். ஆறு வறண்டு கிடக்கும் கோடையில்தான் கடலின் கை ஓங்குகிறது. ஆகவே மேட்டூரில் எப்போது திறக்கிறார்கள், எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியை உழவர் எவ்வளவு அக்கறையோடு படிக்கிறாரோ, எங்கள் ஊர் மீனவரும் அவ்வளவு அக்கறையோடு படிக்க வேண்டியிருக்கிறது. கடைமடை வரை தண்ணீர் வராத ஆண்டில் பயிரும் காய்கிறது, முகத்துவாரமும் மேடாகிறது.

இது புதிய துன்பமும் இல்லை. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகையைக் கைப்பற்றி, 1690-இல் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையே பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்ட டச்சுக்காரர்களின் பெரிய கப்பல்களும் கடலிலேதான் நங்கூரம் பாய்ச்சி நின்றன. 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலில் பினாங்கு சென்ற என் பெரியப்பா, கரையிலிருந்து கப்பல் வரை படகில் ஆடிக்கொண்டே போன அந்த ஒரு மணி நேரத்தைத்தான் மலேயாப் பயணம் முழுவதிலும் கொடிய பகுதியாக வாழ்நாள் முழுதும் வருணித்தார்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது, 61 நாள்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது துறைமுகம் உறங்கும் காலம். உண்மையில் துறைமுகத்தைச் சீர்செய்யும் வேலை பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது. படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, வண்ணம் பூசுகிறார்கள். தூர்வாரும் இயந்திரம் வருவதாக இருந்தால் அதுவும் அப்போதுதான் வரும். இயந்திரம் வராத ஓர் ஆண்டில், படகுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பஞ்சாயத்தார் வசூலித்து, வாடகைக்கு மண் அள்ளும் எந்திரம் பிடித்து, ஒரு மிதவையின் மேல் ஏற்றி நிறுத்தி, ஒன்பது நாள் வாயை வெட்டினார்கள். எங்கள் கம்பெனியும் அதற்குப் பணம் கொடுத்தது. தர்மக் கணக்கில் எழுதுவதா, செலவுக் கணக்கில் எழுதுவதா என்று முதலாளியிடம் கேட்டேன். "முதலீடுன்னு எழுதுங்க" என்றார். வெட்டிய மணலில் பாதியை அடுத்த சோழகமே திரும்பக் கொண்டுவந்து போட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த ஒரு பருவத்தில் எங்கள் பேரேட்டில் 200 பார் என்ற எண் திரும்ப வந்தது.

குப்பையின் கதை வேறு. நகரத்தின் சாக்கடைக் கால்வாய் ஒன்று படகுகள் நிற்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. பாலித்தீன் பையும் தெர்மாகோல் துண்டும் படகு விசிறியில் சுற்றி, நடுவழியில் எஞ்சின் நின்றுபோகும். அதற்கு ஒரு தடுப்பு வலை போட்டுத் தரக் கேட்டு நான் மனு எழுதினேன். முதல் அலுவலகத்தில், கால்வாய் எங்களுடையது, ஆனால் அது ஆற்றில் சேரும் இடம் எங்களுடையதன்று என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், ஆறு எங்களுடையது, துறைமுக எல்லைக்குள் நாங்கள் கை வைக்க முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில், தளமும் சுவரும்தான் எங்கள் பொறுப்பு, தண்ணீர் இல்லை என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஒருவர் தேநீர்கூட வாங்கித் தந்தார். எல்லைகள் எங்கே சந்திக்கின்றனவோ, சரியாக அங்கேதான் குப்பையும் தங்கியிருந்தது என்பது மட்டும் எனக்கு வரைபடம் போலத் தெளிவாகிவிட்டது.

அந்த வலையை இறுதியில் போட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் பழைய இழுவலைகளைத் தைக்கும் முதியவர்; கழித்துப்போட்ட வலையை நான்கு மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார். இன்னொருவர் துப்புரவுப் பணி மேற்பார்வையாளர். எல்லை பற்றிக் கேட்காமல், வாரத்துக்கு இரண்டு முறை தம் ஆள்களை அனுப்பி வலையில் சேர்ந்ததை அள்ளச் சொன்னார். மூன்றாமவர் ஏலக்கூடத்தில் மீன் வாங்கி நாகூர் வரை கொண்டுபோய் விற்கும் ஓர் அக்கா. அள்ளிய குப்பை வண்டி வரும்வரை எங்கே கிடப்பது என்ற சண்டை எழுந்தபோது, தாம் கூடை வைக்கும் இடத்தில் பாதியை விட்டுக்கொடுத்தவர் அவர்தான். "நாத்தம் நமக்குப் புதுசா தம்பி?" என்றார். சுனாமியில் உறவினர் பலரைப் பறிகொடுத்தவர் அவர். 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையேறிக் கிடந்த அந்த நாள்களில், வெளியூர்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கி வேலை செய்ததை அவர் அருகிலிருந்து பார்த்தவர். துறைமுகத்தின் சுத்தம் பற்றி அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

மற்ற ஊர்களில் செய்திருப்பதையும் படித்துப் பார்த்தேன். கொல்லத்தில் 2017-இல் தொடங்கிய 'சுசித்வ சாகரம்' திட்டத்தில், வலையில் மீனோடு சிக்கும் பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்ப வீசாமல் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பெண்கள் அதைத் தரம் பிரித்து, கழுவி, துருவி, சாலைத் தாரில் கலக்கக் கொடுக்கிறார்கள். கடலுக்குப் போகிறவரையும் கரையில் இருப்பவரையும் ஒரே வேலையில் கோத்திருப்பதால், எங்கள் ஊருக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஓடை துறைமுகத்தில் சேரும் இடத்தில், நீரோட்டத்தாலும் சூரிய மின்சாரத்தாலும் சுழன்று குப்பையை வாரும் சக்கரத்தை 2014 முதல் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் கால்வாய்களில் பாதி ஆண்டு ஓட்டமே கிடையாது. புதுத்தண்ணீர் வரும் முதல் வாரத்தில் ஆறு மாதக் குப்பையும் ஒரே மூச்சில் வந்து இறங்கும். அந்த வாரத்தை எந்தச் சக்கரமும் தாங்காது. அதற்கு முன்பே, சித்திரை வைகாசியில், வறண்ட கால்வாயில் இறங்கி ஆள்கள்தான் அள்ள வேண்டும்.

இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்போகிறார்கள் என்றபோது கடற்கரையே சுறுசுறுப்பானது. துறைமுகத்துக்குள் கப்பல் வரும் வழி ஆழப்படுத்தப்பட்டது. 2023 அக்டோபர் 14 அன்று 150 பேர் அமரக்கூடிய 'செரியபாணி' புறப்பட்டது. ஒரு வாரத்துக்குள் வானிலையைக் காரணம் காட்டி நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. பயணிகளுக்காக வெட்டிய ஆழம் விசைப்படகுகளுக்கும் பயன்பட்டது என்பதால் அந்தக் கப்பலை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது நகரத்தை ஒட்டிய நம்பியார் நகரின் வேலை. அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தின் கீழ், கிராமத்தாரே பங்குத்தொகை திரட்டிச் செலுத்திச் சிறு மீன்பிடித் துறைமுகம் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். தன் பணத்தைப் போட்டவன் கல் கொட்டும்போது எண்ணிக்கொண்டு நிற்பான். கணக்கு எழுதியவனுக்கு இதை விடச் சிறந்த மேற்பார்வை தெரியாது.

சென்ற ஆண்டு ஜூன் 14 மாலையில் கரைக்குப் போயிருந்தேன். நள்ளிரவில் தடை முடிந்ததும் படகுகள் புறப்பட வேண்டும். அதற்கு முன்பே இரண்டு பேர் ஒரு பைபர் படகில் முகத்துவாரத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி நனைந்த உயரத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் ஆழமான இடத்தின் இருபுறமும் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டு வந்தார். இதற்குக் கூலி எதுவும் இல்லை. அவர்களுடைய படகு சிறியது, மூன்றடித் தண்ணீரே அதற்குப் போதும், வழி காட்டுவது முழுக்கப் பெரிய படகுகளுக்காகத்தான். இருட்டுவதற்குள் பதினான்கு கழிகளை நட்டுவிட்டுக் கரையேறினார்கள். நான் ஓய்வு பெற்றவன் என்பதை மறந்து, "எத்தனை அடி?" என்று கேட்டேன். கழி பிடித்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"வடக்குச் சுவர ஒட்டி வந்தா எரநூறு பாரும் ஏத்தலாம் கணக்குப்பிள்ளை. கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க."

சொன்னேன்.