ஆறாத சர்க்கரைப் புண்: சேம்பருக்குள் போகும் முன்

சர்க்கரை நோயாளியின் காலில் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும் புண்ணுக்கு ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் (காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறையான சேம்பருக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சை) பலிக்குமா என்பது, பெரும்பாலும் சேம்பர் கதவை மூடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

வழக்கமான முறை இது: 2 முதல் 2.5 மடங்கு வளிமண்டல அழுத்தம், 90 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 30 முதல் 40 சிட்டிங். சாதாரணமாக 100 மி.லி. ரத்தத்தில் 0.3 மி.லி. ஆக்சிஜன்தான் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் அது 6 மி.லி. அளவுக்கு உயரும். ஆனால் அந்த ரத்தம் புண் வரை போய்ச் சேர வேண்டுமே! பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதல் வேலை ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ். சேம்பர் அதற்கு மாற்று அல்ல.

கணுக்கால் அழுத்த விகிதத்தை (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்த எண்) மட்டும் நம்பி ஏமாறுவது சகஜம். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், ஓட்டம் மோசமாக இருந்தாலும் எண் 1.3-க்கு மேல் காட்டலாம். கால் விரல் அழுத்தத்தையும் தோல்வழி ஆக்சிஜனையும் (தோலில் ஒட்டும் சென்சார் காட்டும் ஆக்சிஜன் அழுத்தம்) பாருங்கள். புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் அங்கே ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று பொருள். சேம்பருக்குள் அதே இடத்தில் 200-ஐத் தாண்டினால் நம்பிக்கை. 100-ஐக்கூடத் தொடாவிட்டால் பலன் அரிது. வீங்கிய தோலிலும் தடித்த தோலிலும் சென்சார் ஒட்டினால் அளவு பொய்யாகக் குறையும்.

2010-இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், ஓராண்டில் புண் ஆறியவர்கள் சிகிச்சைக் குழுவில் 52%, போலி சிகிச்சை பெற்றவர்களில் 29%. பின்னர் கனடாவிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை. யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர் எத்தனை சிட்டிங்கை முடிக்கிறார் என்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் கணிப்பு. நெதர்லாந்து ஆய்வில் கணிசமானவர்கள் முழு சிகிச்சையை முடிக்கவே இல்லை.

எலும்பில் சீழ் இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளங்கால் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தால் எத்தனை சிட்டிங் எடுத்தும் வீண். கழற்ற முடியாத மாவுக்கட்டு மாதிரியான பாரம் குறைக்கும் ஏற்பாடு தேவை. சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

உள்ளே போகும் முன் சர்க்கரை அளவைப் பார்த்தே ஆகவேண்டும், சேம்பரில் அது சட்டென்று இறங்கக்கூடும். வாசலின், எண்ணெய்க் களிம்பு பூசிய கட்டு தீ ஆபத்து. துடைத்துவிட்டு, பருத்தி உடையோடு போக வேண்டும். சளி பிடித்திருந்தால் காது அடைக்கும், அன்று தள்ளிப்போடுங்கள். வடிகுழாய் போடாத நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது) இருந்தால் உள்ளே விடவே கூடாது.

15-20 சிட்டிங் முடிந்தும் சிவந்த புதுச்சதை தெரியாவிட்டால், மீதியை ஓட்டுவதற்கு முன் ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.