மாடி ரவுட்டரை ரீசெட் செய்யாமல் மீட்டெடுத்தேன்

மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை. இணையப் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது, நடுவில் கான்கிரீட் தளம். முன்பு வீட்டின் முதல் ரவுட்டராக இருந்த பழையது ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். அதையே மாடிக்கு அக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி, ஆக்கிவிடலாம் என்று சனிக்கிழமை சாயந்தரம் உட்கார்ந்தேன்.

வேலை சின்னதுதான். கீழே உள்ள பெட்டியின் முகவரி 192.168.1.1. பழைய ரவுட்டருக்கும் அதே முகவரி என்பதால் இதை 192.168.1.2 ஆக்க வேண்டும். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை நிறுத்த வேண்டும், வீட்டில் முகவரி வழங்க ஒரு பெட்டி போதும். அப்புறம் கீழிருந்து வரும் கேபிளை இணையத்துக்கான வான் துளையில் இல்லாமல் வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளையில் செருகினால் முடிந்தது.

ரவுட்டரின் அமைப்புகளை பிரவுசரில் மாற்ற உதவும் லூசி பக்கத்தில் மாற்றத்தைச் சேமித்தால், 90 நொடிக்குள் பிரவுசரால் ரவுட்டரை மறுபடி தொட முடிகிறதா என்று அது பார்க்கும். முடியாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். நான் மாற்றியது முகவரியையே என்பதால் பிரவுசர் பழைய முகவரியில் தேடிக்கொண்டு நின்றது, மாற்றம் ரத்தானது. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் மறுபடி தட்டி, சரிபார்க்காமல் சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். அதோடு கதவு அடைத்துக்கொண்டது.

லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, 192.168.1.10 என்று நானே முகவரி கொடுத்துப் பார்த்தேன். 192.168.1.2 திறக்கவில்லை, 192.168.1.1-உம் இல்லை. போனில் வைஃபை பெயர் தெரிந்தது. கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் முகவரி பெறுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு விலகியது. ஆக ரவுட்டர் ஓடுகிறது, டிஹெச்சிபியும் நின்றிருக்கிறது. முகவரி மட்டும் நான் நினைத்தது இல்லை.

பின்பக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் புதுசு போல ஆகிவிடும். எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி வைஃபையைத் தானாக அணைக்கும் நேர ஏற்பாடு, பென்டிரைவில் உள்ள பாட்டுகளை வீடு முழுக்கப் பகிரும் ஏற்பாடு, பின்னால் சேர்த்த மென்பொருள்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பேக்கப் எடுத்து வைக்கவில்லை.

ஃபெயில்சேஃப் என்று ஒரு வழி உண்டு. ரவுட்டர் எழும்போது விளக்கு வேகமாகச் சிமிட்டும் அந்தச் சில நொடிகளுக்குள் பொத்தானை அழுத்தினால், நம் அமைப்புகளை எடுத்துக்கொள்ளாமல் 192.168.1.1 முகவரியில் எழுந்து நிற்கும். உள்ளே போய் மவுன்ட் ரூட் கட்டளை கொடுத்தால் பழைய கோப்புகள் கிடைக்கும், திருத்திக்கொள்ளலாம். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் நேரம் தப்பியது. ரவுட்டர் முழுதாக எழுந்த பிறகு அதே பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்ற பயத்தில், அதைக் கடைசி வழியாக ஒதுக்கிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலையில்தான் ஐபிவி6 என்ற இன்னொரு முகவரி முறை நினைவுக்கு வந்தது. நான் கெடுத்தது 192.168 என்று தொடங்கும் ஐபிவி4 முகவரியைத்தானே! ஐபிவி6 இயங்கும் எந்தக் கருவிக்கும், யாரும் எதுவும் கொடுக்காமலேயே, எஃப்இ80 என்று தொடங்கும் ஒரு முகவரி அந்தக் கேபிளுக்குள் செல்லுபடியாகும். இந்த ரவுட்டர் அதைத் தன் மேக் எண்ணிலிருந்தே, அதாவது தயாரிக்கும்போதே கொடுக்கப்பட்ட அடையாள எண்ணிலிருந்தே, உண்டாக்கிக்கொள்கிறது. மேக் எண்ணின் ஆறு ஜோடிகளை நடுவில் பிரித்து எஃப்எஃப், எஃப்இ என்ற இரண்டு ஜோடிகளைச் செருகி, முதல் ஜோடியில் ஒரே ஒரு பிட்டைத் திருப்பிப் போட்டால் முகவரியின் பின்பாதி தயார். முதல் ஜோடி 50 என்றால் 52 ஆகும்.

அடியில் ஒட்டியிருந்த மேக் எண்ணைப் பார்த்து முகவரியை எழுதி முயன்றேன். பதில் இல்லை. சரி, எல்லோரையும் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று எஃப்எஃப்02::1 முகவரிக்குப் பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும் செய்தி, அனுப்பினேன். அந்தக் கேபிளில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான முகவரி அது. லேப்டாப்பில் உள்ள உபுண்டுவில் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று என் லேப்டாப்பே. இன்னொன்றின் நடுவில் எஃப்எஃப், எஃப்இ இருந்தது! ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் கடைசி இலக்கத்தில் ஒன்றுதான் வித்தியாசம். ஒரே ரவுட்டரில் லேன், வான், வைஃபை ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்த மேக் எண் இருப்பது வழக்கம். ஸ்டிக்கரில் இருந்தது வேறு துளையின் எண்.

அந்த முகவரிக்கு, ரவுட்டருக்குள் போய்க் கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் போட்டேன். செல்லாத மதிப்பு என்று பிழை வந்தது. எஃப்இ80 முகவரிக்குப் பின்னால் சதவீதக் குறி போட்டு, எந்தக் கேபிள் வழியாகப் போக வேண்டும் என்று லேப்டாப்பின் இன்டர்ஃபேஸ் பெயரையும் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் கடவுச்சொல் கேட்டது. அந்த ஒரு வரியைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரிது.

உள்ளே லேன் முகவரியைக் கேட்டால் 192.168.2.1 என்றது. கடைசி இரண்டு எண்களையும் இடம் மாற்றித் தட்டியிருக்கிறேன். அமைப்புகளை மாற்றும் யூசிஐ கட்டளையில் 192.168.1.2 என்று திருத்தி, கமிட் கொடுத்துச் சேமித்து, நெட்வொர்க்கை மறுபடி தொடங்கினேன். பிரவுசரில் 1.2 உடனே திறந்தது. பாட்டு, நேர ஏற்பாடு எல்லாம் அப்படியே இருந்தன.

முதல் வேலையாக லூசியிலிருந்து பேக்கப் கோப்பை இறக்கி லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் வைத்தேன். பின்னால் சேர்த்த மென்பொருள்கள் அந்தக் கோப்பில் வராது என்பதால் அவற்றின் பெயர்களைத் தனியாக எழுதிக்கொண்டேன். லேன் பக்கத்து மேக் எண்ணையும் 192.168.1.2-ஐயும் மார்க்கரில் ரவுட்டரின் அடியில் எழுதியாயிற்று.

மத்தியானம் கேபிளை மாடிக்கு இழுத்துப் பொருத்தினேன். மேசையில் இப்போது சிக்னல் முழுதாக இருக்கிறது. கீழே உள்ள பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் 6-ஆம் சேனலில் ஓடுவதால் மாடிக்கு 11 வைத்திருக்கிறேன். படிக்கட்டில் ஏறும்போது போன் ஒரு பெட்டியின் வைஃபையிலிருந்து மற்றதற்கு மாற இன்னும் தயங்குகிறது. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும்.