தெற்குத் தீவில் கூடாரம் எங்கே போடுவது: சூரியநெல்லி நாட்குறிப்பு

ஜூலை 28

நியூசிலாந்தின் தெற்குத் தீவு, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. மூணாறு அருகே சூரியநெல்லியில் உள்ள எங்கள் மலையேற்றக் குழு காலத்தை முதலில் முடிவு செய்துவிட்டது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அங்கே பள்ளி விடுமுறை. நல்ல முகாம்கள் எல்லாம் குடும்பங்களால் நிறைந்திருக்கும். மார்ச்சில் கூட்டம் குறையும், குளிரும் இன்னும் கடுமையாகியிருக்காது.

இடம் தேடத் தொடங்குமுன் மழைப் படத்தைப் பார்க்க வேண்டும். தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் நம் மேற்குத் தொடர்ச்சி மலை போலத்தான் வேலை செய்கிறது. மேற்கே கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடும், கிழக்கே மழை மறைவு. மூணாறு நனைகிறபோது சின்னாறு காய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேற்குக் கரையில், மலைகளுக்கிடையே கடல் நுழைந்த ஃபியோர்டான மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை. கிழக்கே டெக்கப்போ ஏரிக்கரையில் ஏறக்குறைய 600.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். அவோராக்கி (மவுண்ட் குக்) மலையடிவார ஊர் கிழக்குப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் முகட்டுக்கு மிக அருகில் இருப்பதால் மழை வழிந்து இந்தப் பக்கமும் வந்துவிடும்: ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல். டெக்கப்போவிலிருந்து சாலையில் 100 கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த நூறு கிலோமீட்டருக்குள் வானிலை தலைகீழாக மாறிவிடுகிறது.

ஜூலை 31

இன்று முழுக்க வரைபட வேலை. இங்கிருந்து போகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு: அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மார்ச் 20 வாக்கில் நம் ஊரில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட 80 டிகிரி உயரத்தில், தலைக்கு மேலேயே இருக்கும். தெற்கு அட்சம் 44 டிகிரியில் அதே நாளில் 46 டிகிரிதான். வடக்கே உயர்ந்த மலை இருந்தால் பள்ளத்தாக்கு பாதி நாள் நிழலில் கிடக்கும். வடக்கு நோக்கிய சரிவில் வெயில் விழும், தெற்கு நோக்கிய சரிவு ஈரமாகவே இருக்கும்.

அதனால் முகாமின் புகைப்படத்தைப் பார்க்குமுன் சமவுயரக் கோடு போட்ட வரைபடத்தில் மூன்றைப் பாருங்கள். கிழக்கே என்ன இருக்கிறது? மலை இருந்தால் காலை வெயில் தாமதம், கூடாரம் காயாது. வடக்கே என்ன? வடமேற்கே திறந்த ஏரியோ நீண்ட பள்ளத்தாக்கோ இருக்கிறதா? அங்கே பலமாக வீசுவது வடமேற்குக் காற்று. ஏரியின் நீளத்தை ஒட்டி அது தடையில்லாமல் வேகம் பிடித்து வரும். படத்தில் மனதை அள்ளுகிற ஏரிமுனைதான் இரவில் கூடாரத்தை மடக்குகிற முனையும்.

ஏரிக்கரையில் நிற்கும் ஆசையை விட வேண்டியதில்லை. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, புதர் வரிசைக்குப் பின்னால், பத்து இருபது மீட்டர் உயரத்தில் கூடாரத்தைப் போட்டுவிட்டு, காட்சிக்குக் கரை வரை நடந்து போகலாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீரோட்டத்தை ஒட்டிய தாழ்ந்த புல்வெளியில் விடிகாலையில் கூடாரத்தின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைவதற்கு அதுவே காரணம்.

அங்குள்ள ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து அகலமான கூழாங்கல் படுகையில் ஓடுபவை. காய்ந்த படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் அதில் கூடாரம் போடக் கூடாது. மேலே மலையில் பெய்தால், கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வரும். குரங்கணி ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 3

அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையை அங்கே சுருக்கமாக டாக் என்கிறார்கள். அவர்களுடைய முகாம்களில் வசதியைப் பொறுத்துத் தரம் உண்டு. சர்வீஸ்டு என்றால் ஃப்ளஷ் கழிப்பறை, வெந்நீர்க் குளியல், சமையலிடம். சீனிக் தரத்தில் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் இருக்கும். ஸ்டாண்டர்டில் கழிப்பறையோடு தொட்டித் தண்ணீரோ ஓடைத் தண்ணீரோ. பேசிக் இலவசம், வசதி மிகக் குறைவு. சீனிக் என்ற பெயர் அழகுக்கு உத்தரவாதம் அல்ல. அழகான பல இடங்கள் பேசிக்கில்தான் இருக்கின்றன.

எங்கள் பட்டியலில் நின்றவை:

வைட் ஹார்ஸ் ஹில். அவோராக்கி தேசியப் பூங்காவில், 3,724 மீட்டர் மலையின் அடிவாரத்துப் பள்ளத்தாக்கு. ஹூக்கர் பள்ளத்தாக்கு, கீயா முனை, சீலி டார்ன்ஸ் நடைபாதைகள் முகாமிலிருந்தே தொடங்குகின்றன. நிலம் பனியாறு விட்டுப்போன கல்லும் சரளையும். கூடாரக் கயிறு கட்டும் மெல்லிய அலுமினிய முளை வளைந்துவிடும். ஹூக்கர் பாதையில் பாலப் பணிக்காகப் பகுதி அடைக்கப்படுவதுண்டு, போகும் வாரத்தில் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

கிட்ஸ் புஷ். ஹாவியா ஏரிக்கரை. நெடுஞ்சாலையிலிருந்து சரளைச் சாலையில் உள்ளே போக வேண்டும். மரமறைவு இருப்பதால் காற்று நாளுக்குத் தாங்கும்.

காஸ்கேட் கிரீக். தே அனா ஊரிலிருந்து மில்ஃபோர்ட் வரை 120 கிலோமீட்டர் சாலை, அதன் வழியில். பீச் (beech) மரக்காடு. முகட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் மில்ஃபோர்ட் அளவுக்கு நனையாது. விடியுமுன் கிளம்பினால் பேருந்துக் கூட்டம் வருமுன் ஃபியோர்டைப் பார்த்துவிடலாம். டீசலும் அரிசியும் தே அனாவிலேயே வாங்கிவிடுங்கள்.

டோட்டரானுயி. ஏபல் டாஸ்மன் பூங்காவின் பொன்மணல் கடற்கரை, கிழக்கு நோக்கியது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். வழி மட்டும் குறுகிய, வளைந்த சரளைச் சாலை, பெரிய கேம்பர்வேனுக்கு ஒத்துவராது.

ஆகஸ்ட் 4

வேனில் தூங்கிக்கொண்டு முகாமே இல்லாமல் போகலாமா என்று மறையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். 2023 சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சி நிலங்களில் பொதுவாக உள்ளே நிலையாகப் பொருத்திய கழிப்பறையும், தன்னிறைவு வண்டி என்று காட்டும் பச்சை நிறச் சான்றும் உள்ள வண்டிதான் அப்படி நிற்கலாம். இருக்கைக்கு அடியில் வைத்த கையடக்கக் கழிப்பறை செல்லாது. வாடகைக்கு எடுக்குமுன் கண்ணாடியில் பச்சைச் சான்று ஒட்டியிருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 10

சாரல் விடாமல் பெய்கிறது. கூடாரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஏலத்தோட்ட ஓரச் சரிவில் போட்டு இரவு முழுக்க விட்டோம்.

மேல்துணியில் குறைந்தது 1,500, தரையில் 3,000 மி.மீ. நீர்தாங்கு அளவு (எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்பது) வேண்டும். ஒழுகுவது பெரும்பாலும் துணியில் அல்ல, தையலில். சிலிக்கான் பூசிய துணியில் தையல் டேப் ஒட்டாது, அதற்கென்ற சிலிக்கான் பசையைத் தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். நைலான் நனைந்தால் தளரும். அந்தி சாயும்போது கயிறுகளை மீண்டும் இழுத்துக் கட்டாவிட்டால் மேல்துணி உள்துணியைத் தொட்டு ஈரம் உள்ளே இறங்கும். பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு.

தரைக்கு அடியில் விரிக்கும் ஷீட் கூடாரத் தரையைவிடப் பக்கத்துக்கு 5 செ.மீ. சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் மழை அதில் விழுந்து, கூடாரத்துக்கு அடியிலேயே குளம் கட்டும்.

முளைகள்: சரளைக்கு எஃகு ஆணி, புல்லுக்கு ஒய் வடிவ அலுமினியம், மணலுக்கு அகலமானது. மூன்றும் கலந்து எடுத்துப் போங்கள்.

ஆகஸ்ட் 11

நம் ஊர் அட்டைக்கு உப்பும் புகையிலையும் போதும். அங்கே உள்ள மணல் ஈக்கு அவை உதவாது. ஃபியோர்ட்லாந்திலும் மேற்குக் கரையிலும் கூட்டமாக வரும், விடியலிலும் அந்தியிலும் மேகமூட்ட நாளிலும் அதிகம். நல்ல இருட்டில் கடிக்காது, காற்று வீசினால் நிற்காது. வெளிர் நிற முழுக்கைச் சட்டை, பிகாரிடின் அல்லது டீட் கலந்த பூச்சி விரட்டி மருந்து, கணுக்காலை மூடும் காலுறை. இரவுச் சமையலை இருட்டிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

கீயா என்ற மலைக்கிளி செருப்பு, ரப்பர், கூடாரத் துணி எல்லாவற்றையும் கிழிக்கும். அழகான பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது. அதற்குச் சாப்பாடு போடவே கூடாது. ஷூவைக் கூடாரத்துக்குள் வையுங்கள்.

ஆகஸ்ட் 16

ஜனவரியில் மூணாறு பக்கம் செண்டுவாரையில் உறைபனி பார்த்தவர்கள் குளிரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் டெக்கப்போ பக்கம் மார்ச்சின் தெளிந்த இரவில் உறைநிலை வரை இறங்கலாம். ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், எக்ஸ்ட்ரீம் எண் உயிர் பிழைப்பதற்கானது. கம்ஃபர்ட் 0 டிகிரி எடுத்தால் போதும். கீழே விரிக்கும் பாயின் ஆர் மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் திறன்) 3.5க்குக் குறையக் கூடாது. தரைக்குப் போகும் வெப்பத்தைப் பை தடுக்காது, உடம்பின் எடையில் அதன் பஞ்சு நசுங்கிவிடும்.

காஸ் குப்பி விமானத்தில் ஏறாது, அங்கே வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும், காலைக் காப்பிக்கு அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன்-புரொப்பேன் கலவை கேளுங்கள்.

விறகுத் தீ வேண்டாம். வறட்சிக் காலத்தில் அங்கே தீ மூட்டத் தடை இருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ எப்படி ஓடியது என்பதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 20

நியூசிலாந்தில் இறங்கியதும் நடக்கும் உயிரிப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. கூடாரம், ஷூ, முளை எல்லாவற்றிலும் ஒட்டிய மண்ணையும் விதையையும் பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். வெல்க்ரோ, கூடார மூலை, ஷூ அடியின் பள்ளம் ஆகியவைதான் அடிக்கடி மாட்டும் இடங்கள். பயன்படுத்திய முகாம் பொருளை வருகைப் படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

நம் வீட்டு ஏலக்காய், மிளகு, சாம்பார்ப் பொடியும் அப்படியே. சொன்னால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர். தேன் வேண்டவே வேண்டாம்.

ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போகும்போதும் ஷூவைக் கழுவிக் காயவைக்கச் சொல்வார்கள். டிடிமோ என்ற பாசி 2004-ல் அங்கே கண்டறியப்பட்டது, ஒரு துளி ஈரத்தில்கூடப் பரவும்.

ஆகஸ்ட் 23

முன்பதிவு. முகாமுக்கு முகாம் விதி வேறு: சிலவற்றில் கோடையில் கட்டாயம், சிலவற்றில் வந்தவருக்கு வந்த வரிசை. வைட் ஹார்ஸ் ஹில்லுக்கும் காஸ்கேட் கிரீக்குக்கும் தலா இரண்டு இரவு போடுகிறோம். ஓர் இரவு மட்டும் என்றால் மேகம் மூடி மலை தெரியாமலே திரும்ப நேரிடும். டெக்கப்போவுக்கு அமாவாசையை ஒட்டிய இரவு. 2012-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது, நிலா இருந்தால் பால்வெளி மங்கிவிடும். மில்ஃபோர்டுக்கு நிலாக் கணக்கு தேவையில்லை. மழை பெய்தால் பாறையெங்கும் அருவி, பெய்யாவிட்டால் மலை.

கிழக்கிலிருந்து தெற்கே இறங்கி, கடைசியில் வடக்கே டோட்டரானுயி. நனைந்த துணி எல்லாம் அங்கே வெயிலில் காய்ந்துவிடும், திரும்பும் விமானத்தில் எடையும் குறையும்.