41 கிலோ உடம்பு தேறிய கதை

ஒல்லியாக இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்ல எங்கள் பக்கம் யாரும் கூச்சப்படுவதில்லை. குண்டான ஆளிடம் "கொஞ்சம் குறைங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறவர்கள், என்னைப் பார்த்தால் மட்டும் "என்னட்டி, உங்க வீட்டுல சோறு போடலையா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்பார்கள். காலையில் கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் திருநெல்வேலி பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போது ஆளுக்கொரு வைத்தியம் கிடைக்கும். ராத்திரி பாலில் பேரீச்சம்பழம் போட்டுக் குடி, ஊறவைத்த கொண்டைக்கடலையை வெறும் வயிற்றில் மெல்லு, வெண்ணெயை அப்படியே விழுங்கு. ஒரு பெரியம்மா, "கல்யாணம் ஆனா தன்னால சதை போட்ரும்" என்றார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

என் உயரம் 155 சென்டிமீட்டர், அப்போது எடை 41 கிலோ. உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. என்கிற உடல் எடைக் குறியீடு. எனக்கு 17 வந்தது. 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. அதைத் தொட எனக்கு 44.5 கிலோவாவது வேண்டும். இதற்கு நடுவில் அலுவலகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. 45 கிலோ இல்லாதவர்களிடம் ரத்தம் எடுக்கமாட்டார்கள். தராசிலிருந்து இறங்கியதும் கையில் ஒரு பழச்சாறு பாக்கெட்டைக் கொடுத்து, "நீங்க இதைக் குடிங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, 45 என்று அன்றைக்கே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

நான் பார்த்த டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறேன் என்று முதலில் கேட்கவில்லை. "நீங்க எப்பவுமே ஒல்லியா, இல்ல இப்ப கொஞ்ச மாசமா எடை இறங்குதா?" என்றுதான் கேட்டார். இரண்டும் வேறு வேறு விஷயமாம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளுக்கு எடை தன்னால் இறங்கினால் சர்க்கரை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, காசநோய் என்று தேட வேண்டியவை நிறைய. சாயங்காலக் காய்ச்சல் உண்டா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, ராத்திரி வேர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, மலம் எப்படிப் போகிறது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. எடை ரொம்பக் குறைந்தால் அது தள்ளிப்போகும், எலும்பும் வலுவிழக்கும் என்றார்.

ரத்தம், தைராய்டு, சர்க்கரை, மலம், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரி, ஹீமோகுளோபின் மட்டும் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். பசி எடுக்காமல் கிடந்ததற்கும், ஜங்ஷனில் மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்கியதற்கும் அதில் பெரிய பங்கு இருந்தது. பூச்சி மாத்திரை ஒன்று, இரும்புச்சத்து மாத்திரை தினமும். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் எனக்குக் குமட்டியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார், அப்புறம் தொந்தரவில்லை. மலம் கறுப்பாகப் போகும், கொஞ்சம் மலச்சிக்கல் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. டீயும் காபியும் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது என்பதால், அவற்றைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். கருப்பட்டிக் காபி முகத்தில் விழிக்காமல் விடியாத வீட்டில் இது ஒரு தண்டனைதான்.

பிறகு மூன்று நாள் வாயில் போட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். எழுதியதைப் பார்த்தால், காலையில் நின்றுகொண்டே இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் தண்ணீராகக் கரைத்த மோர் சோறு, ராத்திரி இரண்டு தோசை. நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருப்பது போலத்தான் எனக்குத் தோன்றும், வயிறும் நிறைந்துவிடும். டாக்டரம்மா அதைக் குறை சொல்லவில்லை. "உங்களுக்குக் கொஞ்சத்துலயே வயிறு நிறையுது. அதுக்கு மேல திணிச்சா வாந்திதான் வரும். அளவைக் கூட்டாதீங்க, அதே சோத்தோட சத்தைக் கூட்டுங்க" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னதில், எனக்குப் பயன்பட்டது இந்த ஒரு பேச்சுதான்.

அவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. சோற்றில் ஒரு பெரிய கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. ஒரு கை வறுத்த நிலக்கடலை, 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் 170. இரண்டு அவித்த முட்டை 140. மொத்தம் 430. தட்டைப் பார்த்தால் எதுவும் கூடியது போலவே தெரியாது. ஒரு நாளைக்கு முந்நூறிலிருந்து ஐந்நூறு கலோரி கூடுதலாகப் போனால் போதும், வாரத்துக்குக் கால் கிலோ ஏறினாலே நல்ல வேகம், அரைக் கிலோவுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்றார். புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் வீதம், எனக்கு ஐம்பது கிராம் பக்கம் வந்தது. சைவக்காரர்கள் முட்டைக்குப் பதில் பால், கெட்டித் தயிர், சுண்டல் என்று இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன், என் வீட்டுக்காரரின் ஆச்சி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதைச் சொல்லதுக்கா எக்ஸ்ரே எடுத்தாவ? களி கிண்டித் தாரேன், தின்னு" என்றார்.

உளுந்தங்களி இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளை பெரியவளானதும் இடுப்புக்கு வலு என்று கொடுப்பது. ஆச்சி செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு உளுந்தைத் தோலோடு வாசம் வரும்வரை வறுத்து, நாலில் ஒரு பங்கு பச்சரிசியும் வறுத்துச் சேர்த்து மில்லில் கொடுத்துத் திரித்து வைத்துக்கொள்வார். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மண் போக வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தப் பாகுத் தண்ணீர் மறுபடி கொதிக்கும்போது மாவைத் தூவித் தூவிக் கிண்டுவார். கட்டி தட்டக் கூடாது. கிண்டக் கிண்ட நல்லெண்ணெயை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, களி சட்டியை விட்டுத் திரண்டு வர வேண்டும், அதுதான் பதம். இறக்கி உருட்டி, நடுவில் பெருவிரலால் குழி பண்ணி அதில் எண்ணெய் விட்டுத் தருவார். நான் போதும் போதும் என்று கையைக் காட்டினால், "ஏட்டி, எண்ணெய்க்குப் பயந்தா களி திங்கக் கூடாது" என்பார்.

எனக்கு மூன்றாவது வாயிலேயே திகட்டிவிடும். அதனால் ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டை, ரயிலுக்குக் கிளம்புமுன். உட்காரக்கூட வேண்டாம், இரண்டு நிமிஷ வேலை. இட்லி டப்பாவில் போய் ரயிலில் உட்கார்ந்து சாப்பாடாக மாறியது, சேரன்மகாதேவி வருவதற்குள் முடிந்துவிடும். கருப்பட்டி ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான் என்பதை டாக்டரம்மா அழுத்திச் சொல்லியிருந்தார். அதனால் உருண்டை பெரிதாகவில்லை, மாவில் உளுந்தின் பங்குதான் பெரிதானது.

பதினோரு மணி பிஸ்கட் போய், அந்த இடத்துக்கு ஒரு களக்காட்டு ஏத்தன் வாழைப்பழமும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் வந்தன. மத்தியானத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் உளுந்தஞ்சோறு. தோலோடு உடைத்த உளுந்தை வறுத்து, அரிசியில் பாதி அளவு சேர்த்து, பூண்டு, வெந்தயம், சீரகம், துருவிய தேங்காய் போட்டுக் குழைய வேகவைப்பது. எள்ளுத் துவையல் இல்லாமல் அதைச் சாப்பிடுவது பாவம். அந்தத் துவையலில் இருக்கிற எள்ளும் எனக்குத் தோதான சரக்குதான். மற்ற நாளில் மோர் சோறு கெட்டித் தயிர் சோறாக மாறியது, மேலே வறுத்த கடலை, பக்கத்தில் எண்ணெய் விட்டுக் குழைத்த பருப்புப் பொடி. ஞாயிற்றுக்கிழமை சொதி. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு எதற்குத் தேங்காய்ப் பாலில் குழம்பு வைத்துப் போடுகிறார்கள் என்பது, கலோரி படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உடம்புக்கு நல்லது என்று பேரெடுத்த சில பொருட்கள் எனக்குக் குறுக்கே நின்றன. தை மாதப் பனங்கிழங்கு எனக்கு உயிர். இரண்டு தின்றால் போதும், நார் வயிற்றை அடைத்துவிடும், ராத்திரிச் சாப்பாடு காலி. அதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். சாப்பிட உட்காருமுன் செம்பு நிறையத் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் போனது.

அல்வாவைச் சொல்லாவிட்டால் திருநெல்வேலிக்காரி என்று நம்பமாட்டீர்கள். "அல்வா தின்னா ஏறாத எடையா?" என்று டவுனிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அரைக் கிலோ பொட்டலத்தோடுதான் வந்தார்கள். ஏறும், சந்தேகமில்லை. சர்க்கரையும் நெய்யுமாக ஏறுகிற எடை வயிற்றில் போய் உட்காரும். கை கால் குச்சியாகவே இருந்து வயிறு மட்டும் தள்ளினால் பார்வைக்கு மட்டுமல்ல, சர்க்கரை நோய்க்கும் அது நேர்வழி. நம் ஆட்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே அந்த நோய் வருகிறது. அல்வாவை விட்டுவிடவில்லை, அதை மருந்து என்று நம்பவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது பொடி. கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, ஒரு மாதத்தில் ஐந்து கிலோ ஏறும் என்று பேர் ஊர் இல்லாத ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தங்கச்சிக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டதாம். டாக்டரம்மாவிடம் காட்டினேன். இப்படி விற்பவற்றில் ஸ்டீராய்டும், பசியைத் தூண்டித் தூக்கத்தையும் கொண்டுவரும் அலர்ஜி மாத்திரையும் கலந்திருப்பதுண்டு என்றார். முகம் பூரிப்பது சதை இல்லை, நீரும் கொழுப்பும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நீண்ட நாள் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும். அந்தத் தங்கச்சியை உடனே கூட்டிவரச் சொன்னார்.

சாப்பிடுவது சதையாக வேண்டும் என்றால் உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டும். ஜிம்முக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, அந்த அளவுக்குத் துணிச்சலும் இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அதே பையைக் குனிந்து தூக்குவது. வாரத்தில் மூன்று நாள், கால் மணி நேரம். "பிள்ளையாருக்கு என்னட்டி வேண்டுதல்?" என்று ஆச்சி தினமும் கேட்பார். கொஞ்ச நாளில் ஐந்து கிலோ இலேசாகிவிட்டது, பத்து கிலோ சிப்பத்துக்கு மாறினேன். இந்த வேலை செய்த நாளில் ராத்திரி இரண்டு தோசை மூன்றாகும்.

எடை பார்க்க அரிசிக்கடை அண்ணாச்சியின் எலக்ட்ரானிக் தராசு. சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போய் நிற்பேன், அவர் மூட்டையை இறக்கிவிட்டு என்னை ஏற்றுவார். தினமும் பார்க்கக் கூடாது. தண்ணீர் குடித்தால், மலம் கழித்தால், மாதவிலக்கு நெருங்கினால் அரைக் கிலோ அங்குமிங்கும் ஆடும், மனசு அதோடு சேர்ந்து ஆடும். 42 சட்டென்று வந்தது, 43-ம் வந்தது. அப்புறம் அக்னி நட்சத்திரம். வெயிலில் ஜங்ஷனிலிருந்து நடந்து போய் வந்தால் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது, மே மாதம் முழுக்க எடை நகரவில்லை. அந்த மாதம் தயிர், பால், பழம் என்று குடிக்கிற மாதிரி மாற்றிக்கொண்டு, இறங்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன். ஜூனில் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து சாரல் காற்று எங்கள் பக்கம் வீச ஆரம்பித்ததும் பசி பிய்த்துக்கொண்டு வந்தது. ஹீமோகுளோபினும் அதற்குள் 12-ஐத் தாண்டியிருந்தது. தீபாவளிக்குள் 45-ஐத் தொட்டேன்.

இப்போது 46-ல் நிற்கிறது, அதிலேயே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்புக்காக மாத்திரை போட வேண்டியிருந்தது, பிறகு டாக்டரம்மாவே நிறுத்திவிட்டார். மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது. களி வாரத்துக்கு ஒரு நாள், முட்டையும் கடலையும் தினமும், அரிசிச் சிப்பம் அதன் இடத்திலேயே. ஸ்டேஷனில் பேரீச்சம்பழ வைத்தியம் சொன்னவர், அதுதான் வேலை செய்தது என்று இன்னும் நம்புகிறார், நானும் மறுக்கவில்லை. புதிதாக வந்த செலவு ஒன்றுதான். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் ஒன்றும் கையில் ஏறவில்லை. உள்தையல் விட்டுத் தைத்தவற்றைத் தையல்கார அக்கா பிரித்துக் கொடுத்துவிட்டார், துணி விடாமல் தைத்த இரண்டை என் நாத்தனார் எடுத்துக்கொண்டாள்.