மீனின் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும்

தொட்டியில் உணவைத் தூவிவிட்டு, "இந்த மீன் மட்டும் சாப்பிடவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு காலத்தில் நானும் புலம்பியவன்தான். அதன் வாயை ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால் போதும். வாய் மேல்நோக்கியும் முதுகு நேர்கோடாகவும் இருந்தால், அது பெரும்பாலும் நீர்ப்பரப்பில் விழும் பூச்சிக்காகக் காத்திருக்கும் மீன். கெளுத்திக்கோ வயிறு தட்டை, வாய் கீழே, போதாததற்குச் சுவையறியும் மீசை வேறு. மேலே மிதப்பதைத் தேடி அது ஏன் வர வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்தது பைக் (pike) என்னும் நன்னீர் வேட்டை மீன். அம்பு போல நீண்ட உடல்; முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். செடி மறைவில் அசையாமல் நின்று, ஒரே உந்தலில் பாயும். நெடுந்தூரம் துரத்துவதெல்லாம் அதற்கு ஆகாது.

இரையும் சும்மா இருப்பதில்லை. பைக் வாழும் குளத்தில் குருசியன் கெண்டையின் உடல் உயரமாக வளர்கிறது. பைக்கின் வாய்க்குள் எளிதில் அடங்காது. 1992இல் வெளியான ஆய்வு இது.

இதையெல்லாம் மிஞ்சும் திருடன் ஒருவன் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் இருக்கிறான். மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்பதே அவன் பிழைப்பு. வாயே கோணல்! இடப்பக்கம் கோணியவன் பின்னாலிருந்து வந்து இரையின் வலது விலாவைக் கடிப்பான்; வலப்பக்கம் கோணியவன் இடது விலாவை. ஏரியில் இரண்டு வகையும் ஏறக்குறைய சரிபாதி. ஒரு வகை பெருகினால், இரைமீன்கள் அந்தப் பக்கத்தையே கவனமாகக் காத்துக்கொள்ளும் அல்லவா?