நோட்டைப் பார்த்துதான் போடுவேன்

“எல்லாம் சரியாத்தான் வரும் தம்பி. சில நம்பருக்கு மட்டும் நான் நோட்டைப் பார்த்துதான் போடுவேன்.”

கணக்குப் பார்க்கும் அக்கா இதைச் சொன்னபோது என் கண் லேப்டாப்பில் இருந்தது. “சரிக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டேன். எந்த நம்பர், எந்த நோட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

நடந்தது 2019-ல். கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் ஒரு முந்திரி கம்பெனி. 2009-ல் யாரோ தனியாளாக எழுதிக் கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு எங்களுடையதைப் போட வேண்டும். எழுதியவர் எங்கே போனார் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு துண்டுத் தாளில்கூட விவரம் இல்லை. அதனால் பழைய டேட்டாபேஸிலிருந்தே, எந்த டேபிள் எதோடு சேர்கிறது என்று காட்டும் வரைபடத்தை எடுத்துவிடலாம், அதற்கு எந்த டூல் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவானது.

அதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஆறு பேர் உட்காரும் எங்கள் ஆபீஸுக்கு எர்வின், பவர்டிசைனர் மாதிரி விலை கூடிய டூல் எல்லாம் கட்டுப்படியாகாது. முதலில் மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் போட்டுப் பார்த்தேன். ரிவர்ஸ் எஞ்சினியர் கொடுத்ததும் 86 டேபிளும் 86 கட்டங்களாக வந்து நின்றன. நடுவில் ஒரு கோடு கிடையாது. டூலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லின் பழைய 5.0 பதிப்பு. அதில் எந்த வகை என்று குறிப்பிடாமல் டேபிள் உருவாக்கினால் மைஐசாம் வகையில்தான் உருவாகும். 5.5-லிருந்துதான் அந்த இடத்துக்கு இன்னோடிபி என்ற வகை வந்தது. ஒரு டேபிளை இன்னொன்றோடு கட்டிவைக்கும் விதிக்கு ஃபாரின் கீ என்று பெயர். மைஐசாமில் அதை எழுதினால் பிழை என்றும் சொல்லாது, எழுதியதை வைத்துக்கொள்ளவும் செய்யாது. எழுதியவர் ஒழுங்காக எழுதியிருந்தாலும் இன்று அதன் தடம் இருக்காது. இல்லாததை எந்த டூல் படிக்கும்?

அடுத்து ஸ்கீமாஸ்பை. ஒரு டேபிளின் பிரைமரி கீ ஃபீல்டு, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமாக இருப்பது, அதே பெயரில், அதே வகையில் இன்னொரு டேபிளிலும் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஊகித்துப் புள்ளிக் கோடாகக் காட்டும். கூலி டேபிளிலிருந்து ஆட்கள் டேபிளுக்கு ஒரு கோடு. அட்வான்ஸ் டேபிளிலிருந்து அதே ஆட்கள் டேபிளுக்கு இன்னொன்று. ஊகத்தை அப்படியே நம்பிவிடவும் இல்லை. அட்வான்ஸில் இருக்கிற ஒவ்வொரு ஆள் நம்பரும் ஆட்கள் டேபிளில் இருக்கிறதா என்று குவெரி எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வரைபடத்தை அக்காவிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பற்றிச் சொன்னது அப்போதுதான்.

புதிய மென்பொருள் ஓடிய முதல் சனிக்கிழமை, கூலி வரிசையில் 47-ஆம் நம்பர் அம்மாவின் சீட்டில் “அட்வான்ஸ் பாக்கி 6,500, பிடித்தம் 500” என்று வந்தது. அவர் ஒரு பைசா வாங்கியவர் இல்லை. பின்னால் இருபது பேர் நிற்க, “உன் பேர்ல பாக்கி இருக்கே” என்று மேஸ்திரி சத்தமாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதை எடுத்து வைத்திருந்தார். முந்திரி ஓட்டு எண்ணெய் ஏறிய விரல் பட்டு, 6,500 என்ற இடத்தில் கறுப்பாக ஒரு ரேகை.

திங்கட்கிழமை அந்த நோட்டைக் காட்டினார். பழுப்பு அட்டை போட்ட லாங்சைஸ் நோட்டு. 47-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் “பு”. புயலா, புதுசா என்று கேட்டேன். “ரெண்டும்தான் தம்பி” என்றார்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ‘தானே’ புயல் கரையேறியது. முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இந்தக் கம்பெனியும் சில மாதம் மூடிக் கிடந்திருக்கிறது. கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். மறுபடி திறந்தபோது அவர்கள் நம்பரையே புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்து, ஆட்கள் டேபிளில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போனவர்கள் வாங்கிய அட்வான்ஸ் அதே நம்பரில் அப்படியே நின்றது. இப்படி ஒன்பது நம்பர். ஏழு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சிவப்பு வட்டத்தைப் பார்த்து, அந்த ஒன்பது பாக்கியையும் தள்ளிவிட்டுக் கூலி போட்டவர் அக்கா. எங்கள் மென்பொருள் தானாகவே பிடித்துக்கொண்டது.

எத்தனை லட்சம் கொடுத்து எந்த டூலை வாங்கியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. டூல் போட்ட கோடு தப்பும் இல்லை. அதே கோட்டை நான் இன்னோடிபியில் ஃபாரின் கீயாகவே எழுதினேன், அத்தனை வரியும் மறுப்பில்லாமல் ஏறியது. நம்பருக்கு நம்பர் சரி. நம்பருக்குப் பின்னால் ஆள் மாறியதைத்தான் டேட்டாபேஸ் அறியாது. ஆபீஸில் சாரும் “அது டூல்ல வராதுப்பா, விடு” என்றார்.

டூலில் வராதுதான். ஆனால் என் காதில் வந்தது. ஆட்கள் டேபிளில் சேர்ந்த தேதி என்று ஒரு ஃபீல்டு இருந்திருந்தால் அட்வான்ஸ் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன் என்று சில நாள் சொல்லிக்கொள்கிறேன். பார்த்திருப்பேனா? புள்ளிக் கோடுகளைச் சரிபார்க்க மூன்று நாள் உட்கார்ந்தவன், அந்தக் கணக்கைத் தினமும் தொடுகிற மனுஷியிடம் ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. சரி, உட்கார்ந்திருந்தாலும் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அவருக்கு அது ரகசியம் இல்லை, அன்றாடப் பழக்கம். அதனால்தான் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

சமீபத்தில் வேறொரு வேலைக்கு எந்த டூல் என்று சார் கேட்டார். அதே இரண்டைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவை நல்ல டூல்கள் என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

அந்தத் திங்கட்கிழமை, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று இரண்டு ஃபீல்டு சேர்த்து, ஒன்பது பேரையும் பதினெட்டுப் பேராகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா பீரோவிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து வந்தார்.

“அந்த அம்மா உள்ளதான் உடைச்சிட்டிருக்கு. நீயே வந்து குடுக்குறியா தம்பி?”

வேலை பாதியில் நிற்கிறது என்றேன். அது உண்மைதான். ஷெட் அங்கிருந்து இருபது அடி.